70 கொண்டை ஊசி வளைவு... மங்கும் ஹெட்லைட்... பழைய லாரிக்கு என்னதான் ஆச்சு?

ஐப்பசி மாதம். மாலை ஆறரைக்கே கொல்லிமலை இருட்டிவிட்டது. சோளக்காட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, காரவள்ளி அடிவாரம் நோக்கி அந்த மினி லாரி இறங்கிக்கொண்டிருந்தது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் தாண்டியாகிவிட்டது. சாரல் பிடித்ததால் வைப்பரைப் போட்டார் டிரைவர். ஹெட்லைட் கொஞ்சம் மங்கியது.

அடுத்த வளைவு. பிரேக்கை மிதித்தார். ஹெட்லைட் இன்னும் மங்கியது. இண்டிகேட்டரைத் தட்டிவிட்டார். அது ‘டிக் டிக்’ என்று எரிந்து அணைய, ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து கண் சிமிட்டியது. மஞ்சள் பூத்த அந்த வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

திடீரென்று இடப்பக்கம் இரண்டு உருவங்கள். தலையில் விறகுக் கட்டோடு ஓர் அம்மா. அவர் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினார். கிளட்சை மிதிக்க மறந்ததில், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆனது. அந்த அம்மாவுக்கும் பம்பருக்கும் நடுவில் நாலு அடி இருந்திருந்தால் அதிகம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மா மூச்சு வாங்க நின்றுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“லைட்டப் போட்டுக்கிட்டு வரக்கூடாதுங்களா?”

இரண்டு லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன.

சாவியைத் திருகினார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், செல்ஃப் எடுக்கவில்லை. இறக்கம் என்பதால் கியரில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்து, மீதி வளைவுகளை ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கினார். காரவள்ளியில் டீக்கடை ஓரம் நிறுத்தியபோது டீ டம்ளரைப் பிடிக்கக்கூட முடியாதபடி கை நடுங்கியது. 26 வருஷ டிரைவர் அவர். ஒருமுறைகூட அப்படி நடுங்கியது கிடையாது.

பாட்டு செட்டு மேல் விழுந்த பழி

நாமக்கல் பக்கத்துக் கிராமம் அவருடையது. லாரி பாடி கட்டுவதற்குப் பெயர்போன ஊர். தெருவுக்கு நாலு பேர் லாரி தொழிலில் இருப்பார்கள். 2003-ம் வருஷத்து வண்டியை 2009-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மகள் கல்யாணம், மகனின் ஐ.டி.ஐ. படிப்பு, வீட்டுக்கு ஓட்டு மாற்றியது எல்லாம் அந்த வண்டி சம்பாதித்துக் கொடுத்ததுதான்.

தொந்தரவு தொடங்கியது வைகாசியில். காலையில் முதல் செல்ஃப் கொஞ்சம் இழுத்து இழுத்து எடுத்தது. பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டார். ஆனியில் ஒரு நாள் சுத்தமாக நின்றுபோனது. சாலையோரக் கடை ஒன்றில் காட்டினார். “பேட்டரி போச்சுங்க” என்றார்கள். 7,800 ரூபாய்க்குப் புது பேட்டரி. ஒரு வாரம் ராஜா மாதிரி ஓடியது. மூன்றாவது வாரம் மறுபடியும் அதே இழுவை.

“அப்ப டைனமோ சார்ஜ் ஏத்தல” என்றார் இன்னொருவர். ஆல்டர்னேட்டரைக் கழற்றி ரீகண்டிஷன் செய்ய 4,200 ரூபாய். பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு “செல்ஃப் மோட்டார்ல கோளாறு” என்று ஆர்மேச்சர், புஷ், கார்பன் எல்லாம் மாற்றியதில் 3,600 ரூபாய். ஆக மொத்தம் 15,600 ரூபாய். வண்டி மட்டும் சரியாகவில்லை.

ஒவ்வொரு முறையும் சில நாள் நன்றாக ஓடியதுதான் அவரைக் குழப்பியது. அந்தக் குழப்பத்துக்கு அவரே ஒரு பதிலும் கண்டுபிடித்து வைத்திருந்தார். மகன்!

சித்திரையில்தான் மகன் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கினான். அப்பா ராத்திரியில் தூங்காமல் ஓட்ட வேண்டுமே என்று ஒரு பாட்டு செட்டும், இரண்டு ஸ்பீக்கரும், போன் சார்ஜரும் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக் கிடந்து மாட்டிக்கொடுத்தான். அடுத்த மாதமே வண்டி தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. அப்புறம் வேறு யாரைச் சொல்வது?

“கண்ட ஒயரையும் கடிச்சுக் கடிச்சு ஒட்டி, வண்டியவே கெடுத்துப்புட்டான்” என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். “அந்த செட்டு இழுக்கறது கொஞ்சூண்டு கரண்டுதானுங்கப்பா. பூட்டி வச்சா அதுவும் ஆஃப் ஆயிடும்” என்று மகன் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. ஆவணியில் ஒரு நாள் கோபத்தில் செட்டைப் பிடுங்கி, ஸ்பீக்கரோடு சேர்த்து அட்டாலியில் தூக்கிப் போட்டார்.

அன்றிலிருந்து மகன் அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளீனராகக் கூட வருகிறவன், வருவதை நிறுத்திக்கொண்டான். அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டை எடுத்துவைத்தான். நடுவில் மாட்டிக்கொண்டது அம்மாதான். “செட்டைக் கழட்டி ரெண்டு மாசமாச்சு. வண்டி நல்லாயிடுச்சுங்களா?” என்று ஒரு நாள் அவர் கேட்டதற்கு, வீட்டுக்காரரிடம் பதில் இல்லை.

மலையில் நடந்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

“எப்ப ஆரம்பிச்சுது தம்பி?”

விற்பதற்கு முன்னால் ஒரு தடவை பாயிடம் காட்டிவிடு என்றது டிரைவர் நண்பர்தான். நாமக்கல்லின் ஒரு மூலையில் தகரக் கொட்டகை போட்டு ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவர். வயது எழுபது தாண்டிவிட்டது. எல்லோருக்கும் அவர் ‘பாய்’தான். கடையில் பெரிதாக மெஷின் எதுவும் கிடையாது. டேப் சுற்றிய ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லைட், கட்டைவிரல் தடிமனில் ஒரு ஜம்பர் கேபிள், ஒரு டப்பா நிறைய நட்டு போல்ட்.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்விதான் கேட்டார் பாய்.

“பிரேக் மிதிச்சா ஹெட்லைட் மங்குதா தம்பி?”

“ஆமாங்க பாய்.”

“இண்டிகேட்டர் போட்டா கூடச் சேந்து கண்ணடிக்குதா?”

“ஆமாங்க.”

“லைட்டப் போட்டதும் ஹீட் முள்ளு ஏறுதா?”

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. ராத்திரி ஓட்டும்போது இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே போகும். பயந்துபோய் நிறுத்தி ரேடியேட்டரைப் பார்ப்பார். தண்ணீர் நிறைந்திருக்கும். லைட்டை அணைத்தால் முள் தானாக இறங்கிவிடும்.

“ஆமாங்க பாய். தண்ணி பாத்துப் பாத்தே சலிச்சுப் போனேன்.”

“ஆக்ஸிலேட்டர் கேபிள் ஏதாச்சும் மாத்துனீங்களா?”

“போன மாசம் மாத்துனேன். செல்ஃப் அடிக்கறப்ப ரப்பர் கருகுற வாசம் வந்துச்சு. கழட்டிப் பாத்தா மேல் உறை உருகியிருந்துச்சுங்க.”

பாய் தலையை ஆட்டிக்கொண்டார். “பேட்டரிய மாத்துனவங்க யாரும் எர்த்தப் பாக்கலையா?”

போனது திரும்பி வரணும்

வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு ஒயர் வருவதைப் பார்த்திருப்போம். ஒன்றில் கரண்ட் வந்தால் இன்னொன்றில் திரும்பும். லாரி, கார், பைக்கில் பெரும்பாலும் ஒரு ஒயர்தான். பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து பல்புக்கு ஒயர் போகும். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. பேட்டரியின் மைனஸ், சேஸில் இறுக்கப்பட்டிருக்கும். இதைத்தான் டிரைவர்கள் ‘எர்த்’ என்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்ஜின் நேரடியாகச் சேஸில் உட்காருவதில்லை. அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கும். ரப்பரில் கரண்ட் போகாது. செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இன்ஜின் மேல்தான் இருக்கின்றன. ஆகவே இன்ஜினையும் சேஸையும் இணைக்க, செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டையை மாட்டியிருப்பார்கள். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். வண்டியின் மொத்தக் கரண்ட்டும் அந்த ஒரு பட்டை வழியாகத்தான் போய் வர வேண்டும்.

பாய் அதை அவர் பாஷையில் சொன்னார். “மலைக்கு ஏற ஒரு ரோடு, எறங்க ஒரு ரோடுன்னு வெச்சுக்கங்க. எறங்குற ரோட்டுல மரம் விழுந்து கெடந்தா, ஏறுற ரோடு எம்மாம் அகலமா இருந்து என்ன? லாரி எல்லாம் மேலயே நிக்கும்.”

அந்த ‘மரம்’ மிகச் சின்னதாகவும் இருக்கலாம். 1827-ல் ஜெர்மனியின் ஓம் சொன்ன கணக்கு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். கரண்ட்டையும் தடையையும் பெருக்கினால் வோல்ட். ஒரு ஹெட்லைட் பல்ப் இழுப்பது 4, 5 ஆம்பியர்தான். டீசல் இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர்கூட இழுக்கும். திரும்பும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும். 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். 12 வோல்ட் வண்டியில் 2 வோல்ட் என்பது ஆறில் ஒரு பங்கு.

மீட்டர் சொன்ன கதை

முதலில் பேட்டரி. வண்டி ஆஃப் நிலையில் 12.3 வோல்ட். “முழு சார்ஜ்ல இருந்தா 12.6 காட்டணும். இது பாதிக்குக் கொஞ்சம் மேல. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சோறு கெடைக்காம இருக்கு.”

அடுத்து, மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி மைனஸ் கட்டையிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தார். “ரெண்டும் எர்த்துதான். அப்ப இடையில வோல்ட்டே இருக்கக்கூடாது. செல்ஃப் அடிக்கறப்பகூட 0.2, 0.3-க்குள்ள இருக்கணும். சாவியத் திருப்புங்க.”

இன்ஜின் முனகிக்கொண்டே சுற்றியது. மீட்டரில் 3.4.

“பாத்தீங்களா? செல்ஃபுக்குப் போக வேண்டிய 3.4 வோல்ட்ட வழியிலேயே தின்னுட்டு உக்காந்திருக்குது.”

பிறகு அந்தத் தடிமனான ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை முதலில் பேட்டரி மைனஸில் கவ்வ வைத்தார். மறுமுனையை நேராக இன்ஜின் பிளாக்கில் மாட்டினார். “இப்ப அடிங்க.”

‘சர்ர்ர்’ரென்று சுற்றி, ஒரே நொடியில் ஸ்டார்ட் ஆனது வண்டி. ஆறு மாதமாக அந்தச் சத்தத்தைக் கேட்காத டிரைவர், சாவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கேபிளைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட்டைப் போடச் சொல்லி மறுபடி அளந்தார் பாய். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட். ஒரு குறையும் இல்லை. ஆனால் பேட்டரிக்கு வந்து சேர்வது 13.0 தான். பிளஸ் ஒயரில் தொலைந்தது 0.2. மீதி 1 வோல்ட்டும் எர்த்தில் போனது. ஹெட்லைட் பல்ப் முனையில் அளந்தால் வெறும் 11.1.

புதுப் பேட்டரி போட்ட ஒவ்வொரு முறையும் சில நாள் நன்றாக ஓடியது ஏன் என்பதற்கும் இதுதான் விடை. கடையில் முழுதாக ஏற்றிக் கொடுத்த சார்ஜை வைத்து நாள் ஓட்டியது. பிறகு செலவுக்குத் தகுந்த வரவு இல்லாமல் படுத்துக்கொண்டது. ஆல்டர்னேட்டர் சரி செய்த கடையிலும், செல்ஃப் மோட்டார் சரி செய்த கடையிலும் பேட்டரியை வெளியே வைத்து சார்ஜ் ஏற்றித்தான் மாட்டியிருந்தார்கள்.

சரியான வழி அடைபட்டால் கரண்ட் கிடைத்த வழியில் நுழையும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஆக்ஸிலேட்டர் கேபிள் அதற்கு மாட்டியது. அதனால்தான் அது சூடாகிக் கருகியது. ஹீட் முள்ளின் கதையும் அதேதான். இன்ஜினில் இருக்கும் சென்சாருக்கும் எர்த் அந்தப் பட்டைதான். லைட்டைப் போட்டதும் பட்டையில் விழும் வோல்ட் கூட, முள் பொய் சொன்னது.

கறுப்புப் பெயிண்ட்

“இந்தத் தொந்தரவு எப்ப ஆரம்பிச்சுது தம்பி?” என்று மறுபடியும் கேட்டார் பாய்.

“பையன் பாட்டு செட்டு மாட்டுன பொறவுங்க. சித்திரை கடைசியில மாட்டுனான். வைகாசியில ஆரம்பிச்சுருச்சு.”

“சித்திரையில வேற என்ன வேலை பாத்தீங்க?”

“ஒண்ணுமில்லீங்க... எஃப்.சி. காட்டுனேன்.”

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி.க்கு முன்னால் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, வண்டியை மாப்பிள்ளை மாதிரி ஆக்குவது வழக்கம்.

பாய் ஒன்றும் சொல்லாமல் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி ஒதுக்கிவைத்தார். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். ஸ்பேனர் திருகும் சத்தம். ஐந்து நிமிடத்தில் கையில் அந்தப் பின்னல் பட்டையோடு வந்தார். “வந்து பாருங்க” என்று டிரைவரையும் குனிய வைத்து டார்ச் அடித்தார்.

பட்டை உட்கார்ந்திருந்த இடத்தில் சேஸ் இரும்பு தெரியவில்லை. பளபளவென்று கறுப்புப் பெயிண்ட், இரண்டு கோட். போல்ட் ஓட்டையைச் சுற்றி மட்டும் செம்பழுப்பாகத் துரு.

“பெயிண்ட்டுக்கு மேலயே பட்டைய வெச்சு முறுக்கியிருக்காங்க. மொதல்ல போல்ட்டு மரை வழியா கொஞ்சம் போயிருக்கும். அதான் வண்டி ஓடுச்சு. மழை பட்டு மரையிலயும் துரு ஏறுனதும் அதுவும் போச்சு. முன்னாடி ஹெட்லைட் எர்த்தும் இதே கதைதான். யாரு அடிச்சது பெயிண்ட்டு?”

பெயின்டர் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சித்திரை வெயிலில் கூலி மிச்சம் பிடிக்க வேண்டும் என்று வண்டிக்கு அடியில் படுத்து, பட்டையைக் கழற்றி, துரு சுரண்டி, பிரஷ்ஷால் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் மறுபடி மாட்டியது யாரென்று அவருக்குத் தெரியும்.

“நான்தானுங்க பாய்” என்றார்.

பாய் சிரிக்கவில்லை. “நல்ல மனசோடதான் அடிச்சிருக்கீங்க. எர்த்து உக்கார்ற எடத்த மட்டும் வுட்டிருக்கணும்” என்றார்.

பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஒயர்களைப் பார்த்தவர், “இது என்ன?” என்று கேட்டார். செட்டைப் பிடுங்கியபோது அறுந்து தொங்கிய கறுப்பு ஒயரின் முனை ஒரு சின்ன போல்ட்டில் இறுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் வட்டமாகப் பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பைப் பளிச்சென்று தேய்த்து, பல் வாஷர் போட்டு, மேலே கிரீஸ் தடவியிருந்தது. பக்கத்திலேயே பிளஸ் ஒயரில் ஒரு ஃபியூஸ்.

“பையன் மாட்டுன செட்டுக்குப் போட்டதுங்க.”

“அப்படியா? இந்த வண்டியில ஒழுங்காப் போட்ட எர்த்து இது ஒண்ணுதான் தம்பி.”

டிரைவர் எதிரில் இருந்த புளியமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

750 ரூபாய் வேலை

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றரை மணி நேர வேலை. சேஸில் பட்டை உட்காரும் இடத்தை இரும்பு மின்னும்வரை எமரி ஷீட்டால் தேய்த்தார் பாய். இன்ஜின் பக்கமும் அதேபோல். பழைய பட்டையில் பாதிக் கம்பிகள் பச்சை பூத்திருந்ததால் புதுப் பட்டை. பல் வாஷர் வைத்து முறுக்கி, கடைசியில் கிரீஸ். முறுக்கின பிறகு வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்தால் தப்பில்லை, அடியில்தான் கூடாது. ஹெட்லைட் எர்த் ஸ்க்ரூவுக்கும் இதே வைத்தியம். பேட்டரி கட்டையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்தார். மைனஸ் கேபிளை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாட்டினார்.

மறுபடி மீட்டர். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் இடையில் 0.15. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9. ஹெட்லைட் முனையில் 12.8.

11.1-க்கும் 12.8-க்கும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 12.8-ல் வருகிற வெளிச்சத்தில் சுமார் 60 சதவிகிதம்தான் 11.1-ல் வரும். மலைச் சாலையில், சாரலில், விறகுக் கட்டோடு ஓர் அம்மா நடந்து வருகையில், மீதி 40 சதவிகிதம்தான் எல்லாம்.

பட்டைக்கு 350, கூலி 400. மொத்தம் 750 ரூபாய். அவர் கூடுதலாகக் கொடுத்ததைப் பாய் வாங்கவில்லை.

உங்கள் வண்டிக்கும் பாருங்கள்

லாரி என்றில்லை. பழைய கார், வேன், டிராக்டர் எதுவானாலும் எர்த் கோளாறின் அறிகுறி ஒன்றுதான். ஒன்றைப் போட்டால் இன்னொன்று மங்கும். பிரேக் மிதித்தால் வேறு ஏதாவது விளக்கு மினுக்கும். பேட்டரி புதிதாக இருந்தும் செல்ஃப் இழுக்கும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் நாமே பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் பேட்டரி 12.6-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4-க்குள் இருப்பது நல்லது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸ் கட்டைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், புதுப் பேட்டரி வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் எர்த் பட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

எப்போது கழற்றினாலும் மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், ஆல்டர்னேட்டர் போய்விடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும் என்பதால் பக்கத்தில் தீப்பொறி, பீடி, சிகரெட் கூடாது. பெயிண்ட், வெல்டிங், டிங்கர் என்று எந்த வேலை முடிந்து வண்டி வந்தாலும், எர்த் போல்ட்டுகளை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அட்டாலியில் இருந்து இறங்கியது

அன்று மகனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தான். வழக்கமாக அந்த நேரம் தூங்கிவிடும் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூசி தட்டித் துடைத்த பாட்டு செட்டும், இரண்டு ஸ்பீக்கரும்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் பார்த்தான்.

“பெயிண்ட்டுடா” என்றார் அப்பா.

“என்னங்கப்பா?”

“எர்த்துப் பட்டைக்கு அடியில பெயிண்ட்டு. எஃப்.சி.க்கு நான் அடிச்சது.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். “உன்ற செட்டுல ஒண்ணுமில்ல. நீ போட்ட எர்த்து ஒண்ணுதான் வண்டியில சரியா இருக்குதுன்னு பாய் சொன்னாரு.”

மகன் ஒன்றும் பேசவில்லை. ஸ்பீக்கரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். தூக்கிப் போட்டதில் ஓரம் லேசாக நசுங்கியிருந்தது. அவர் மலையில் நடந்ததையும் சொன்னார். யாரிடமும் சொல்லாததை, விறகுக் கட்டு, சிறுமி, நாலு அடி எல்லாவற்றையும். அவன் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான்.

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. தோசை ஊத்தறேன்” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு தட்டையும் ஒன்றாக வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி சோளக்காடு லோடு. இறங்கும்போது இருட்டிவிட்டது. கிளீனர் சீட்டில் மகன். டேஷ்போர்டில் பாட்டு சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. நசுங்கிய ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரத்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதே வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தார், இண்டிகேட்டரைப் போட்டார். ஹெட்லைட் அசையவில்லை. எதிர்ப் பாறையில் வெளிச்சம் வெள்ளையாக அடித்தது.

வளைவுக்குக் கீழே, தூரத்திலேயே ஒருவர் நடந்து வருவது தெரிந்தது. கண் கூசியதில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

“டிம் பண்ணுங்கப்பா” என்றான் மகன்.

பண்ணினார்.